மலை பின்னே, புனல் முன்னே: சீனரின் நிலநூல்

வீடு ஒன்றை எழுப்பக் கருதும் ஒருவன் முதலில் எதனை நோக்க வேண்டும்? மரத்தையா, கல்லையா, கைப்பொருளையா? பண்டைச் சீனர் இவ்வினாவிற்கு இரண்டே சொற்களில் விடை கூறினர். ‘பெங்’ என்பது காற்று; ‘சுயி’ என்பது நீர். இவ்விரு சொற்களையும் இணைத்து, நிலந்தேர்ந்து குடியமைக்கும் தம் பழங்கலைக்குப் பெங்சுயி என்று பெயரிட்டனர். இக்காலத்தில் இப்பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவன, கடைகளில் விற்கும் மூன்று கால் தவளையும், காற்றில் ஒலிக்கும் மணித்தொங்கலும், வாயிலில் மாட்டும் சிறு கண்ணாடியுமே. ஆயின், அக்கலை பிறந்தது கடைத்தெருவில் அன்று. மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலுமே அது பிறந்து வளர்ந்தது. அதன் அடிப்படை விதிகளையும், அவ்விதிகள் எழுந்த காரணத்தையும் அறிந்தால், அதில் எது நிலத்தின் உண்மை, எது மனிதனின் ஆசை என்பது தானே விளங்கும்.

நிலத்தின் திசையறிந்து வாழ்வையும் சாவையும் அமைத்துக்கொள்ளுதல் சீனத்தில் மிகத் தொன்மையான வழக்கமாகும். 1987 ஆம் ஆண்டில், ஹெனான் மாகாணத்துப் புயாங் நகரில், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்று அகழ்ந்து காணப்பட்டது. இறந்தவரின் உடலுக்குக் கிழக்குப் புறத்தில் சிப்பி ஓடுகளால் அமைத்த பறவைநாகத்தின் உருவமும், மேற்குப் புறத்தில் அவ்வாறே அமைத்த புலியின் உருவமும் இருந்தன. நாகம் கிழக்கு, புலி மேற்கு என்னும் இம்முறை பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தும் பெங்சுயி நூல்களில் மாறாமல் நிற்பது வியப்பிற்குரியது.

இக்கலையின் கருத்துகளைத் தொகுத்துக் கூறும் பழைய நூல், ‘அடக்க நூல்’ எனப் பொருள்படும் பெயருடையது. கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பு என்னும் அறிஞர் இதனை இயற்றினார் என்பது மரபு. பிற்காலத்தார் எழுதி அவர் பெயரில் வழங்கினர் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். அந்நூலின் கருத்து வருமாறு: நிலத்தினூடே ஓர் உயிர்ப்பு ஓடுகின்றது. காற்று வீசினால் அது சிதறிப் போகும். நீரை எதிர்ப்பட்டால் ஓடாமல் தங்கும். ஆதலின், காற்று அடங்கி நீர் கிடைக்கும் இடமே மனிதன் தேடவேண்டிய இடமாகும். பெங்சுயியின் ஏனைய விதிகள் யாவும் இவ்வொரு கருத்திலிருந்து கிளைத்தவை எனலாம்.

காற்று என்றால் எந்தக் காற்று? தமிழர் காற்றிற்குத் திசைதோறும் வெவ்வேறு பெயர் வைத்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வாடை என்ற பெயரில் நடுக்கமும், தென்றல் என்ற பெயரில் இனிமையும் கலந்திருப்பதைத் தமிழறிந்தோர் உணர்வர். வட சீனத்தின் வாடையோ தமிழ் நிலம் காணாத கொடுமையுடையது. குளிர்காலத்தில் சைபீரியப் பெருவெளியிற் பிறந்து, மொங்கோலியாவைக் கடந்து வரும் அக்காற்று, உறைபனிக் குளிரைக் கொணர்கின்றது. இளவேனிலிலோ கோபிப் பாலையின் புழுதியையும் சுமந்து வருகின்றது. கோடைகாலத்தில் தென்கிழக்குக் கடலிலிருந்து வரும் காற்று மழையைத் தருகின்றது. வடக்கே தடுப்பும் தெற்கே திறப்பும் வேண்டும் என்று அந்நாட்டு உழவன் எண்ணியதில் வியப்பில்லை.

கதிரவனும் இதற்குத் துணை நின்றான். பெய்ஜிங் நகரம் ஏறத்தாழ 40 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. அங்கே கதிரவன் ஒருபோதும் தலைக்கு நேரே வருவதில்லை. ஆண்டு முழுவதும் நண்பகலில் தென்வானிலேயே நிற்கின்றான். மாரியின் நடுநாளில் அவனது உயரம் சுமார் 27 பாகை மட்டுமே. கோடையின் நடுநாளில் அது சுமார் 73 பாகையாகும். ஆகவே தெற்கு நோக்கிய வீட்டினுள் குளிர்காலத்து வெயில் சரிந்து நெடுந்தூரம் புகுந்து வெப்பம் ஊட்டும். கோடையில் உயர நிற்கும் வெயிலையோ, நீட்டிவைத்த கூரையிறப்பு உள்ளே விடாமல் தடுத்துவிடும். விறகு அரிதாகிய ஊர்களில் இவ்வேற்பாடு உயிர்காக்கும் ஏற்பாடாகும். வடமேற்குச் சீனத்தின் மஞ்சள் மண் மேடுகளைக் குடைந்து குகை வீடுகளில் வாழ்ந்த மக்களும், இயன்ற இடங்களிலெல்லாம் தெற்கு நோக்கிய சரிவுகளையே தேர்ந்தனர்.

சீனத் தத்துவத்தில் ‘யின்’, ‘யாங்’ என்னும் இருமை பெரிதும் பேசப்படும். அச்சொற்களின் பழம்பொருள் மிக எளியது. மலையின் வெயில்படும் தென்சரிவு யாங். நிழல்படும் வடசரிவு யின். ஆற்றிற்கு இது தலைமாறும். ஆற்றின் வடகரை வெயிலை எதிர்கொள்வதால் அது யாங், தென்கரை யின். இவ்வழக்கு இன்றும் ஊர்ப்பெயர்களில் உறைந்து கிடக்கின்றது. பல அரச மரபினரின் தலைநகராயிருந்த லோயாங், லோ ஆற்றின் வடகரையில் எழுந்தமையால் அப்பெயர் பெற்றது. யாங்சி ஆற்றின் தென்கரையிலுள்ள ஜியாங்யின் நகரத்தின் பெயரோ அதற்கு மறுதலையானது. ஊர்ப்பெயரைக் கேட்ட அளவிலே வெயில் எப்புறம் விழும் என்று அறியக்கூடிய நாடு அது.

இனி, நல்ல நிலத்தின் அமைப்பைக் காணலாம். பெங்சுயி வல்லார் ஓர் இடத்தின் நடுவில் தெற்கு நோக்கி நின்று நாற்புறமும் பார்ப்பர். முதுகுப்புறம் வடக்கே உயர்ந்த மலை வேண்டும். அது கரிய ஆமை. இடப்புறம் கிழக்கே நீண்டு வளைந்த குன்று வேண்டும். அது நீல நாகம். வலப்புறம் மேற்கே அதனினும் தாழ்ந்த குன்று வேண்டும், அது வெண்புலி. முன்புறம் தெற்கே வெளியாகத் திறந்து, தொலைவில் ஒரு சிறு மேடு மட்டும் இருத்தல் வேண்டும், அது செம்பறவை. இந்நான்கும் சேர்ந்த நிலத்தை உயர்ந்த முதுகும் இரு கைகளும் உடைய ஒரு நாற்காலிக்கு ஒப்பிடலாம். அதில் அமர்ந்தவனை வாடை தீண்டாது. வெயிலும் மழைக்காற்றும் முகத்தெதிரே வந்து சேரும். முன்னாலுள்ள திறந்தவெளிக்கு ‘ஒளி மண்டபம்’ என்று பெயர். அங்கேதான் வயலும் குளமும் அமையும்.

மலைத்தொடரைச் சீனர் நாகமாகவே கண்டனர். மேலை நாட்டுக் கதைகளில் வரும் தீயுமிழும் கொடிய விலங்கைப் போன்றதன்று இந்நாகம். மழையைத் தரும் மங்கல உயிராகும். மலை முகடுகள் ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் போக்கே நாகத்தின் நரம்பு. நிலந்தேர்வோர் செய்யவேண்டிய கடமைகள் ஐந்து என்பர். முதலாவது, நாகத்தைத் தேடுதல். அதாவது தலைமை மலைத்தொடர் எங்கிருந்து எங்கே செல்கின்றது என்று அறிதல். இரண்டாவது, சுற்றியுள்ள சிறு குன்றுகளை ஆராய்தல். மூன்றாவது, நீரின் வரவையும் போக்கையும் நோக்குதல். நான்காவது, உயிர்ப்புத் தங்கும் புள்ளியைக் குறித்தல். ஐந்தாவது, வாயிலின் திசையை நிறுவுதல். நான்காவதாகச் சொன்ன புள்ளிக்குச் சீனர் வழங்கும் சொல்லே, ஊசி மருத்துவத்தில் உடலிற் குத்தும் இடத்திற்கும் வழங்கும் சொல்லாகும். நிலத்தையும் ஓர் உடலாக அவர்கள் கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மலைகளின் வடிவங்களையும் அவர்கள் ஐந்தாகப் பகுத்தனர். நெடிதுயர்ந்தது மரம், கூர்முனையுடையது நெருப்பு, உச்சி தட்டையானது மண், கவிழ்த்த கிண்ணம் போன்றது உலோகம், அலையலையாகச் செல்வது நீர். தமிழர் கூறும் ஐம்பூதங்களோடு இவற்றை ஒன்றென மயங்குதல் கூடாது. ஐம்பூதத்தில் காற்றும் வானும் உண்டு. சீனர் வகுத்த ஐந்தில் அவையிரண்டும் இல்லை, மரமும் உலோகமும் உண்டு.

நீர் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. நேராகப் பாய்ந்தோடும் நீர் நன்றன்று. வளைந்து தயங்கிச் செல்லும் நீரே நன்று. அவ்வளைவிலும், இடைக்கச்சை போல ஊரைத் தழுவிச் செல்லும் உட்புறமே குடியிருப்பிற்கு உகந்தது. வளைவின் வெளிப்புறத்தை, வளைத்த வில்லின் முதுகு என்று கூறி விலக்கினர். இதனை மூடநம்பிக்கை என்று எளிதில் தள்ளிவிட முடியாது. வளைந்து செல்லும் ஆறு வெளிக்கரையை இடைவிடாது அரித்துச் செல்லும். உட்கரையில் வண்டலைப் படியவிடும். வெள்ளம் பெருகும்போது முதலில் இடிந்து வீழ்வது வெளிக்கரை வீடே. தலைமுறை தலைமுறையாக வெள்ளத்தின் கேட்டைக் கண்டவர்கள் அக்காட்சியைக் ‘கெட்ட உயிர்ப்பு’ என்ற சொல்லால் பிள்ளைகளுக்கு உணர்த்திச் சென்றனர் எனலாம்.

இக்கலையில் இரு நெறிகள் தோன்றின. மலை, நீர் ஆகியவற்றின் வடிவத்தையே முதன்மையாகக் கொள்வது ஒன்று. ஜியாங்சி மாகாணத்தில் வளர்ந்த இந்நெறிக்குத் தாங் அரசர் காலத்து யாங் யுன்சோங் என்பவரை முதல்வராகக் கூறுவர். திசைகாட்டியையும் கணிப்பையும் முதன்மையாகக் கொண்ட மற்றது, பூஜியான் மாகாணத்தில் தழைத்தது. காந்த ஊசியைச் சுற்றி வட்டம் வட்டமாக எழுத்துகள் பொறித்த தட்டே இந்நெறியாரின் கருவி. சுமார் 1088 ஆம் ஆண்டில் ஷென் குவோ என்ற அறிஞர், காந்த ஊசி சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்குப்புறம் சாய்கின்றது என்று எழுதிவைத்தார். கடலோடிகளுக்கு வழிகாட்டுமுன்னரே காந்த ஊசி நிலநூலாரின் கையில் பயின்றது என்பது, சீன அறிவியல் வரலாற்றை விரிவாக எழுதிய ஜோசப் நீடம் போன்றோர் கொண்ட கருத்தாகும்.

விதிகள் நடைமுறையில் எவ்வாறு உருப்பெற்றன என்பதற்கு அன்ஹுவி மாகாணத்தின் ஹொங்சுன் என்னும் சிற்றூர் நல்ல எடுத்துக்காட்டு. வாங் குடியினர் வாழும் இவ்வூருக்குப் பின்னே மலை உண்டு. முன்னே போதிய நீர் இல்லை. எனவே ஆற்றுநீரை மறித்து, சிறு வாய்க்கால்கள் வழியாக வீட்டு வாயில்தோறும் ஓடச் செய்தனர். ஊர் நடுவே அரைமதி வடிவில் ஒரு குளம் தோண்டினர். 1607 ஆம் ஆண்டளவில் தெற்கே ஓர் ஏரியும் அமைத்தனர். ஊரின் வடிவத்தை எருதிற்கு ஒப்பிட்டு, வாய்க்காலை அதன் குடல் என்றும், குளத்தையும் ஏரியையும் அதன் வயிறுகள் என்றும் அம்மக்கள் கூறுவர். மரத்தால் கட்டிய வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில், தீ மூண்டால் அணைப்பதற்கு நீர் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. குடிப்பதற்கும் துவைப்பதற்கும் வயலுக்கும் அதுவே பயன்பட்டது. 2000 ஆம் ஆண்டில் இவ்வூர் உலக மரபுரிமை இடமாக அறிவிக்கப்பட்டது. நல்ல நிலம் கிடைக்காதபோது நிலத்தை நல்லதாக்கிக் கொள்ளலாம் என்பதும் பெங்சுயியின் கொள்கையே என்று இவ்வூர் உணர்த்துகின்றது.

தென் சீனத்துச் சிற்றூர்களிலும் ஹொங்கொங்கின் புறநகர்க் கிராமங்களிலும் ஊருக்குப் பின்னாலுள்ள சரிவில் அடர்ந்த சோலை ஒன்று நிற்பதைக் காணலாம். அதற்குப் ‘பெங்சுயிக் காடு’ என்றே பெயர். அதில் கோடரி வைத்தால் ஊருக்குக் கேடு வரும் என்ற அச்சத்தால், சுற்றிலுமிருந்த காடுகள் விறகிற்காக அழிந்த காலத்திலும் இச்சோலைகள் தப்பின. அவை மழைக்காலத்தில் மண்சரிவைத் தடுத்தன, வெயிலைத் தணித்தன. பழங்காட்டின் எஞ்சிய மரவினங்களைத் தேடும் தாவரவியலார் இன்று இச்சோலைகளையே நாடிச் செல்கின்றனர்.

அரசர்களும் இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டனர். மிங் மரபின் மூன்றாம் பேரரசர் யொங்லே, 1407 ஆம் ஆண்டில் தம் அரசி இறந்தபின், பெய்ஜிங்குக்கு வடக்கே புதைநிலம் தேடுமாறு பணித்தார். ஜியாங்சி மாகாணத்து லியாவோ ஜுன்சிங் என்ற நிலநூலார் தேர்ந்த இடம், வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் மலை சூழ்ந்து, தெற்கே மட்டும் திறந்த பள்ளத்தாக்காகும். அதன் வாயிலின் இருமருங்கும் நிற்கும் குன்றுகளுக்கு நாகக்குன்று, புலிக்குன்று என்றே பெயர். 1409 ஆம் ஆண்டில் அங்கே பேரரசரின் கல்லறைப் பணி தொடங்கியது. அதே ஆண்டைக் குறிக்கும் மற்றொரு கல் இலங்கையில் உள்ளது. யொங்லேயின் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த அக்கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பெற்றது. 1911 ஆம் ஆண்டில் காலி நகரில் கண்டெடுக்கப்பெற்று, கொழும்பு தேசிய நூதனசாலையில் இடம்பெற்றது. தமிழில் தம் காணிக்கைகளைப் பொறிப்பித்த பேரரசரே, அதே காலத்தில் தம் இறுதித் துயிலுக்கு மலைகளின் அணைப்பைத் தேடினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

யொங்லே எழுப்பிய அரண்மனையும் இவ்விதிகளின் உருவமே. 1406 முதல் 1420 வரை பெய்ஜிங்கில் ‘விலக்கப்பட்ட நகரம்’ கட்டப்பட்டது. அவ்விடம் சமவெளி, பின்னே மலை இல்லை. ஆகவே அகழி தோண்டிய மண்ணைக் குவித்து, அரண்மனைக்கு வடக்கே சுமார் 45 மீற்றர் உயரமுள்ள குன்றொன்றைச் செய்தனர். முன்புறத்தில் ‘பொன்னீர் ஆறு’ என்னும் கால்வாயை வில்போல் வளைத்து ஓடவிட்டு, அதன்மீது ஐந்து பளிங்குப் பாலங்கள் அமைத்தனர். பின்னே மலை, முன்னே புனல் என்னும் விதி மனிதன் கையாலேயே நிறைவேறியது.

இக்கலையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. உயிரோடிருப்போர் வீட்டிற்கு நல்ல நிலம் தேடியது அறிவு. இறந்தோரை நல்ல நிலத்தில் புதைத்தால் பிள்ளைகளுக்குச் செல்வமும் பதவியும் வரும் என்ற நம்பிக்கை அதன்மீது ஏறியபோது அறிவு தளர்ந்தது. இதனைக் கண்டித்தோர் அயலார் மட்டுமல்லர். சொங் மரபுக் காலத்தில், 1019 முதல் 1086 வரை வாழ்ந்த அரசியலறிஞரும் வரலாற்றாசிரியருமான சிமா குவாங், நல்ல நிலமும் நல்ல நாளும் வாய்க்கவில்லை என்று கூறிப் பெற்றோரின் உடலை நெடுங்காலம் புதைக்காமல் வைத்திருந்த மக்களைக் கடுமையாகச் சாடினார். பெற்றவர்க்குச் செய்யும் இறுதிக் கடன், தன்னலம் தேடும் வாணிகமாகிவிட்டது என்பதே அவர் மனத்தை வருத்தியது.

பிற்காலத்தில் புதுமைகளைத் தடுக்கவும் பெங்சுயி ஆயுதமாயிற்று. 1876 ஆம் ஆண்டில் ஷங்ஹாய் நகரிலிருந்து வூசொங்கிற்கு ஆங்கில வணிகர் அமைத்த புகையிரதப் பாதையை, மறு ஆண்டிலேயே சீன அரசினர் விலைக்கு வாங்கிப் பெயர்த்தெறிந்தனர். அந்நியர் இசைவின்றி நுழைந்தமை அதற்குப் பெருங்காரணம். எனினும், இருப்புப்பாதைகளும் தந்திக் கம்பங்களும் நிலத்தின் நாக நரம்பை அறுத்து முன்னோர் கல்லறைகளைக் குலைக்கும் என்ற அச்சமும் அக்காலத்து எதிர்ப்புகளில் கலந்தே இருந்தது. 1949 ஆம் ஆண்டின் பின்னர் மக்கள் சீனக் குடியரசு இக்கலையை மூடநம்பிக்கை என்று விலக்கியது. 1980களிலிருந்து கட்டடக்கலை ஆராய்ச்சியாளர் பலர் அதனை மீண்டும் ஆராயத் தொடங்கினர்.

இக்கலையின் வன்மையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் இடம் ஒன்று உண்டு. அரண்மனையைக் காப்பதற்கென்று மிங் மரபினர் செய்த அதே குன்றில், 1644 ஆம் ஆண்டில், கிளர்ச்சிப் படை பெய்ஜிங்கினுள் புகுந்தபோது, அம்மரபின் கடைசிப் பேரரசர் சொங்சென் தூக்கிட்டு உயிர் துறந்தார். பின்னர் அவரது உடல், யொங்லே தேர்ந்த பள்ளத்தாக்கிலேயே, பதின்மூன்றாம் பேரரசராக அடக்கம் செய்யப்பட்டது. குன்று வாடையை மறித்தது. பஞ்சத்தையும் வரிச்சுமையையும் குடிகளின் சினத்தையும் மறிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இன்று பெங்சுயியை வேற்று நாட்டில் கைக்கொள்வோர் எண்ணவேண்டிய செய்தியும் இதில் அடங்கியுள்ளது. தெற்கு நோக்கிய வாயில் சீனருக்கு நன்மை தந்தது, அங்கே வெயில் தெற்கிலும் குளிர் வடக்கிலும் இருந்தமையால். நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள இலங்கையில் கதிரவன் ஆண்டில் ஒரு பகுதி வடவானிலும் ஒரு பகுதி தென்வானிலும் செல்கின்றான். விலக்கவேண்டியது குளிரையன்று, வெப்பத்தையே. அவ்விதியை எழுத்து மாறாமல் இங்கே கொணர்வது, அதனை வகுத்தவர்களின் அறிவையே மறப்பதாகும். அவர்கள் முதலில் தம் நிலத்தைப் பார்த்தனர். பின்னரே விதியை எழுதினர். காற்று எத்திசையில் வருகின்றது, மழைநீர் எவ்வழியே வடிகின்றது, பின்னாலுள்ள சரிவை எந்த மரங்கள் தாங்கி நிற்கின்றன என்று ஓராண்டு முழுதும் பொறுமையோடு நோக்கியறிந்தபின் அடிக்கல் நாட்டுபவன், திசைகாட்டித் தட்டும் மணித்தொங்கலும் இன்றியே பெங்சுயியின் முதற்பாடத்தைக் கற்றவனாவான்.